கோடாரியில் ஏழு கோடுகள்

— கோடு இருக்குன்னு தெரிஞ்சா போதும்மா. எதுக்கு இவ்ளோ பெருசு பண்ணிக் காட்டறே?

— பெருசு பண்ணாத்தான் சார் குட்டு தெரியுது. மியூசியத்துல அந்தக் கல் கோடாரியைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டின மாடல் இது. திருப்பறேன், பாருங்க. இந்தப் பக்கம் ஏழு கோடு. நேர் பின்னாடியும் ஏழு. மயிரிழை பிசகல.

— அதான் சடங்குக் கோடாரிங்கறேன். மரம் வெட்டறதுக்கு இவ்ளோ ஒழுங்கு எதுக்கு? இருபது வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்.

— ரெண்டு பக்கமும் ஒண்ணா கவ்வி இழுத்தா இப்படித்தான் சார் விழும். ஸ்கூல்ல இரும்புக் குண்டைக் கவ்வி அளந்தோமே, வெர்னியர் காலிப்பர், அதோட வேலை. நம்ம அறையில இருக்கற வெர்னியரோட ரெண்டு தாடையையும் ஸ்கேன் பண்ணி மாடல்ல மாட்டிப் பார்த்தேன். பூட்டுல சாவி உட்கார்ற மாதிரி உட்காருது.

— தற்செயலா இருக்கும்.

— கற்காலத்துல வெர்னியர் ஏது சார்? ஏழு தடவை அளந்த ஆளு கீறினதைத்தான் நாம இத்தனை நாளா சடங்கு சடங்குன்னு தூக்கி வெச்சு ஆடிட்டிருக்கோம்.

— உனக்கு வாய் ரொம்ப நீளம்மா. இந்த அத்தியாயத்தை எடுத்துடு. சாயங்காலமே கையெழுத்து போட்டுத் தரேன்.

— எடுத்தா என் ஆய்வுல மிச்சம் அட்டைதான். எங்க வீட்டுல படிச்சு வர்ற முதல் டாக்டர் பட்டம் சார் இது. பொய்யைக் கட்டிக்கிட்டு வாங்க மாட்டேன். கையெழுத்து போடலேன்னா போடாதீங்க, வேற வழிகாட்டியைத் தேடிக்கறேன்.

— இரு, இரு. அவசரக்குடுக்கை. போடறேன்னு வெச்சுக்கோ. யாரு கீறினதுன்னு கேப்பாங்களே?

— கேக்கட்டும். முதல்ல அளந்தவர் வேலைன்னு எழுதியிருக்கேன்.

— அது யாரு?

— உங்க புத்தகத்து முன்னுரையில இருக்கே. 'கோடாரியைக் கையில் ஏந்தி அளந்தபோது உடல் சிலிர்த்தது.'

— அடிப்பாவி. படிக்கறவன் என்னைத்தானே நினைப்பான்?

— வேற யாரை நினைப்பான்?

— நான் கீறலம்மா. சத்தியமா.

— கை உங்களுது, சிலிர்த்த உடம்பும் உங்களுது. அளந்தது மட்டும் அடுத்த வீட்டுக்காரரா?

— கொஞ்சம் கதவைச் சாத்திட்டு வா.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— அந்தக் கல்லை நான் நேர்ல பார்த்ததே இல்லைம்மா. யாரோ அளந்து வரைஞ்சு அனுப்பின படத்தை வெச்சுத்தான் புத்தகமே எழுதினேன்.