மணி அடிக்காத எட்டாவது குழி

"...பின்ன என்ன டாக்டர்! தொண்ணூறு காலடில குழில நட்டிருக்கற கொடிக்கு இருநூறு காலடி போற அடி அடிச்சா, பந்து சுவரைத் தாண்டாம வேற எங்க போகும்? இல்ல இல்ல, உங்க மேல தப்பே சொல்லல. எல்லாரும் இப்படித்தான். ஸ்கோர் அட்டைல 'தொண்ணூறு'ன்னு பாத்ததும் ஒரு இளக்காரம் வந்துரும். சின்னப் புள்ளைங்க விளையாட்டுன்னு நினைச்சு கோல்ஃப் மட்டையை எடுப்பாங்க. அப்பறம் இந்த மேட்டைத் தாண்டி வந்து பாத்தா... ஹ்ம். உக்காருங்க, உக்காருங்க. இந்த பெஞ்சு நல்லாத்தான் இருக்கும், அந்த ஓரத்து ஆணி மட்டும் பாத்து. எங்கிட்ட ரெண்டு பேன்ட் இந்த ஆணிக்குத்தான் பலியாச்சு. தையக்காரனுக்கே பேன்ட் கிழிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?

அய்யய்யோ, கயித்தைத் தொடாதீங்க! அது மணி. இந்த மேடு இருக்கே, அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. கொடியும் தெரியாது, நம்ம மண்டையும் தெரியாது. நாம ஆடி முடிச்சு மணி அடிச்சாதான் அவன் பந்தை அடிப்பான். மணி கேக்கலியா, நின்னுட்டே இருக்கணும். அதுதான் இங்க வழக்கம். அடிக்கலாம், என்ன அவசரம்? இந்த வெயில்ல நமக்குப் பின்னாடி எந்தப் பைத்தியக்காரன் வரப்போறான்?

உங்க பல் கிளினிக் ஏழு மணிக்குத்தானே? நேரம் கெடக்கு. உங்க நாற்காலில உக்காந்தா நாங்க எல்லாம் 'ஆ'ன்னு வாயைத் திறந்துட்டு ஒரு வார்த்தை பேச முடியாமக் கெடக்கோம். நீங்க பாட்டுக்கு வீட்டுக் கதை, மழைக் கதை எல்லாம் கேப்பீங்க, நாங்க 'ங்ங்'னு பதில் சொல்லணும். இன்னிக்கு உங்க முறை டாக்டர். ஹஹ்ஹா! கோவிச்சுக்காதீங்க.

விஷயம் என்னன்னா... சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டு. நீங்க போன வாரம்தான் கிளப்புல சேந்தீங்க, உங்களுக்கு ஓட்டு உண்டு. பலகைல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாத்தீங்களா? பாக்கல? நல்லது... பாக்க வேணாம், நானே சொல்றேன். இந்த மைதானத்தை இடிச்சுட்டு நீளமாப் போடணுமாம். இந்த மேட்டை வழிச்சு எடுத்துட்டு, அந்தக் கல்சுவரை உடைச்சுட்டு, பின்னாடி இருக்கற வயக்காட்டையும் சேத்து... ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்கும் நடுவுல பேட்டரி வண்டில போகணுமாம். நடக்கறதுக்குத்தானேய்யா இங்க வர்றோம்! நான் எண்ணிட்டேன். இருபது பேர் வேணும்ங்கறாங்க, இருபது பேர் வேணாங்கறாங்க. நீங்கதான் இருபத்தொண்ணு.

அய்யோ, நான் ஓட்டு கேக்கல. சும்மா பேசிட்டிருக்கோம்.

இங்கேருந்து பாருங்க. ஒரே பெஞ்சு. ஒம்பது கொடியும் தெரியுதா? எண்ணுங்க... அந்த மரத்துக்குப் பின்னாடி இருக்கறது ஏழு. இது எந்தப் பெரிய மைதானத்துல நடக்கும்? இங்க ஒரு குழி முடிச்சா அடுத்ததை ஆரம்பிக்கற மேடைக்குப் பதினஞ்சு அடி. பந்தைக் குழிலேருந்து எடுத்து நிமிந்தா அடுத்ததை அடிக்கலாம். மூணாவது முடிச்சவன் ஆறாவது ஆடறவனைப் பாத்து, 'என்னப்பா, அங்கயும் சொதப்பலா?'ன்னு கேப்பான். ஒருத்தன் மானத்தை இன்னொருத்தன் வாங்கறதுக்குன்னே அமைச்சு வச்சிருக்கான் மகராசன்!

இதை அமைச்ச ஆளு யாருன்னு யாருக்கும் தெரியாது. அவன்கிட்ட புல்டோசரா இருந்துச்சு? ஒரு குதிரை, ஒரு மண்வாரி, ரெண்டு கூலியாள். அவ்ளோதான். அதனால மண்ணு எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே விட்டுட்டான். இதோ இந்த மணல் பள்ளம் இருக்கே, இது அவன் வெட்டினது இல்ல. அந்தக் காலத்துல ஆடுங்க காத்துக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்துப் பள்ளமான இடம். அவன் வந்து பாத்திருக்கான், 'அட, ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கே!'ன்னு மணலைக் கொட்டிட்டுப் போயிட்டான்.

மூணாவது குழில நீங்க என்ன பண்ணீங்க? சொல்லவா? ஒரே அடில கொடிகிட்டப் போயிரலாம்னு ஆசைப்பட்டீங்க. ஆசை காட்டுது இல்ல? அதுக்குத்தான் அதை அவ்ளோ கிட்டக்க வச்சிருக்கான். எட்டாத தூரத்துல வச்சா எவனும் மரியாதையா ரெண்டு அடில போவான். எட்டற மாதிரி வச்சா புத்தி கெட்டுரும். நீங்க ஓடைல விட்டீங்க. வருத்தப்படாதீங்க, இந்த ஊரு வக்கீலு, பேங்க் மேனேஜர், பள்ளிக்கூட வாத்தியாரு... எல்லார் பந்தும் அந்த ஓடைலதான் கெடக்கு.

நான் நாப்பது வருசம் துணி வெட்டினவன் டாக்டர். பத்து மீட்டர் துணி குடுத்தா எவன் வேணா அங்கி தைப்பான். தப்பு விழுந்தா மடிச்சு விட்டுரலாம், யாருக்குத் தெரியப் போகுது? ஒண்ணேகால் மீட்டரைக் குடுத்து வெயிஸ்ட்கோட் தைக்கச் சொல்லுங்க. அப்பத் தெரியும் வேலை. அரை விரக்கட தப்பினாலும் அக்குள்ல பிடிக்கும். இந்த மைதானம் அப்படி வெட்டினது. ஒரு சாண் வீணா இல்ல.

இருங்க, கயித்தை விடுங்க! என்ன டாக்டர், கை அங்கயே போகுது?

இந்த கிரீனை, குழியைச் சுத்தி இருக்கற புல்தரையைப் பாருங்க. எவ்ளோ சின்னது. எங்க வீட்டுக் கூடத்தை விட ரெண்டு மடங்கு, அவ்ளோதான். ஆனா எந்தப் பக்கம் சாய்வுன்னு சொல்லுங்க பாப்போம்? இடதுபக்கமா? தப்பு! கண்ணுக்கு அப்படித் தெரியும். பின்னாடி இருக்கற குன்று ஏமாத்துது. தண்ணி ஊத்திப் பாத்தா வலதுபக்கம் ஓடும். நான் ஊத்திப் பாத்திருக்கேன்... ஒரு நாள் விடியக்காலைல வாளியோட வந்து. ஏன்னு கேக்காதீங்க.

சரி, கேட்டுட்டீங்க. ஒரு... ஒரு ஆளு. இந்த கிளப்புல ஒரு ஆளு. போன வருசம் போட்டிக் கடைசில இந்தக் குழிக்கு வர்றப்ப எல்லாரையும் விட ரெண்டு அடி கம்மியா அடிச்சு முன்னாடி இருக்கான். கப்பு அவனுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். பந்து கொடிலேருந்து ரெண்டடி தூரத்துல. மெதுவாத் தட்டினான். அது குழியை ஒரு எட்டுப் பாத்துட்டு, அப்படியே வலதுபக்கம் உருண்டு... உருண்டு... இந்த மணல் பள்ளத்துக்குள்ள விழுந்துச்சு. வெளிய எடுத்தான். திரும்ப விழுந்துச்சு. நாலு தடவை டாக்டர்! நாலு தடவை! மேட்டு மேல அறுபது பேரு. ஒருத்தனும் சிரிக்கல, அதுதான் கொடுமை. சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்ல. கப்பு போச்சு. யாருக்குப் போச்சு? சொந்த மச்சினனுக்கு! பெண்டாட்டியோட தம்பி. அவன் வேற கிளப்புச் செயலாளரு. வீட்டுக்கு வந்தா அந்தம்மா தம்பிக்குப் பாயசம் வச்சு... சரி, அது எதுக்கு இப்ப.

அந்த ஆளு என்ன பண்ணான்? ஆத்திரம். அடுத்த வாரம் பொதுக்கூட்டத்துல எழுந்திரிச்சு நின்னான். 'இதெல்லாம் ஒரு மைதானமா? பாத்ரூம் சைசுல இருக்கு! இடிச்சுத் தள்ளுங்க! ஆம்பளைங்க ஆடற மாதிரி நீளமாப் போடுங்க!'ன்னு கத்தினான். கத்திட்டு உக்காந்துட்டான். அவன் மனசுல ஒண்ணும் இல்ல டாக்டர், வயித்தெரிச்சல்ல வந்த வார்த்தை. மச்சினன் இருக்கானே, செயலாளரு, ஒரு எழுத்து விடாம எழுதினான். அப்பறம் நிமிந்து பாத்து, ரொம்ப மரியாதையா, 'இதைத் தீர்மானமா எடுத்துக்கலாமா?'ன்னு கேட்டான். அத்தனை பேர் முன்னாடி கேக்கறான்! அந்த ஆளு என்ன சொல்லுவான்? 'எடுத்துக்க'ன்னான். கையெழுத்தும் போட்டான். இருபது பேரு, புதுப் பணக்காரனுங்க, பெரிய மட்டைக்காரனுங்க, கையைத் தூக்கிட்டானுங்க.

சட்டம் என்னன்னா, தீர்மானம் கொண்டு வந்தவன் அதை எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது. வேணும்னா வாபஸ் வாங்கலாம். ஆனா காரணத்தை எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணும். சொல்லுவானா? எந்த மூஞ்சிய வச்சிட்டு சொல்லுவான்?

என்ன அப்படிப் பாக்கறீங்க? இவ்ளோ துல்லியமா எப்படித் தெரியும்னா... நான் அங்கதானே இருந்தேன். கிட்டக்கதான் இருந்தேன். ரொம்பக் கிட்டக்க.

ஒரு நிமிசம், என் பந்து இந்த மணல்லதான் எங்கயோ கெடக்கு. எடுத்துட்டு வந்துடறேன். நீங்க உக்காருங்க. இல்ல, இந்தப் பக்கம் பாக்காதீங்க... முதுகைக் காட்டிட்டுப் பேசறேன்னு தப்பா நினைக்காதீங்க. சில விஷயம் குனிஞ்சு மணலைத் தோண்டிட்டே சொன்னாத்தான் வரும்.

நான்தான் டாக்டர். அந்த ஆளு நான்தான். பலகைல பெரிய எழுத்துல இருக்கறது என் பேருதான், அதனாலதான் பாக்க வேணாம்னேன். எட்டு மாசமாத் தூக்கம் இல்ல. தினம் சாயங்காலம் வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்து அந்த மேட்டைப் பாக்கறேன். என் வாய்தான் அதை வழிச்சு எடுக்கப் போகுது. இதை மாதிரி ஒண்ணை இனி எவனும் கட்ட மாட்டான். குதிரையும் கெடையாது, பொறுமையும் கெடையாது. தப்பு கிரீன் மேல இல்ல. சாய்வு வலதுபக்கம்னு முப்பது வருசமா ஆடறவனுக்குத் தெரியாமப் போச்சே, அது என் தப்பு. அந்தப் பய நல்லா ஆடினான், ஜெயிச்சான். ஜெயிச்சுட்டு எங்கிட்ட வந்து கையக் குடுத்தான், நான் கையக் கூடக் குடுக்கல. அவ்ளோதான் விஷயம். இதைச் சொல்றதுக்குப் பயந்துட்டுத்தான் உங்களைப் புடிச்சு வச்சுப் பேசிட்டிருக்கேன். உங்க ஒரு ஓட்டு விழுந்தாத் தீர்மானம் தோத்துரும், நான் வாயே திறக்க வேண்டாம்...

கெடச்சிருச்சு, பந்து. டாக்டர், நீங்க என்ன நினைக்கி...

டாக்டர்?

டாக்டர்...?

அடப்பாவி! பையையும் காணோம். சுவத்துல இருக்கற சின்னத் திட்டிக்கதவு தெறந்து கெடக்கு. பூனை மாதிரி போயிட்டாரே மனுசன்! எப்பப் போனாரு? நான் குனிஞ்சப்பவேயா? தூக்கம் இல்லன்னப்பவா? அப்ப நான் இவ்ளோ நேரம் யார்கிட்ட சொன்னேன்? மணல்கிட்டயா? எட்டு மாசமா வராத வார்த்தை... வந்ததுதான் வந்துச்சு, ஒரு மனுசக் காதுல விழக் கூடாதா?

ஆங்? யாரது? மேட்டு மேல யாரு?

மாப்ளே! நீயா! நீ எப்படா வந்தே? அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தியா... மணி அடிக்கும் அடிக்கும்னா? எவ்ளோ நேரமா? ஒரு மணி நேரமாவா! ஏன்டா, ஒரு குரல் குடுக்கக் கூடாது? என்னது, நான் எங்க இடைவெளி விட்டேனா? ...அது சரி. முழுசாக் கேட்டியா? பாயசம் கூடவா? ஐயோ, உங்கக்காகிட்ட சொல்லிடாதடா. சிரிக்காத. சிரிக்காதன்றேன்ல!

சரி. போன தடவை நான் கத்தினதை ஒரு எழுத்து விடாம எழுதினேல்ல? இப்பக் கேட்டதையும் அப்படியே எழுதிக்க. பாத்ரூமை மட்டும் அடிச்சுரு. நான் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடறேன், வேலை முடிஞ்சுது.

முடியாதா? நானே எழுந்திரிச்சு நிக்கணுமா? அத்தனை பேர் முன்னாடியா... என்ன சொன்னே? நீயும் இதுக்குத்தான் எட்டு மாசமாக் காத்திட்டிருந்தியா? செயலாளருக்கு ஓட்டு கெடையாதுன்னு வாயை மூடிட்டு? படவா... உனக்கும் இந்த மேடு வேணுமா?

கையக் குடுடா. போன வருசத்துக் கையி. ம்ம்... நல்லா ஆடினே அன்னிக்கு.

சரி, நிக்கறேன். ஆறு மணிக்கு எழுந்திரிச்சு நின்னு, வாபஸ்னு காரணத்தோட சொல்றேன். முதல்ல அந்தக் குதிரைலேருந்து ஆரம்பிக்கறேன், அப்பறம் ஆடு, அப்பறம் அந்த ஒண்ணேகால் மீட்டர் துணி, அப்பறம் வாளித் தண்ணி...

என்ன? ஒரே வரிலயா? ஒரே வரில எப்படிடா முடியும்? என்னது... 'சின்னதா இருந்தாத்தான் வேலை தெரியும்'னு இப்பத்தானே சொன்னேனா?

...சொன்னேன். சொல்லித் தொலைச்சேன்.

சரி, போ. போயி பந்தை அடி. நானே மணி அடிக்கறேன்."