வால்பக்கத்து மூடி

உங்கள் அறையின் மின்விசிறி லேசாக ஆடுகிறது, ஐயா. விழாது. மேலே இருக்கும் திருகை ஒரு சுற்று இறுக்கினால் போதும். எனக்கு இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். முப்பத்தாறு வருஷம் சென்னையில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவன்.

பெயர் முனுசாமி. ஓய்வு பெற்று வாலாஜாபாத்தில் இருக்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த திருஞானசம்பந்தம், எழுபது வயசான இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினார். மாகறல் பக்கம் தன் நிலத்தில் கொட்டகையும் ஓடுபாதையும் போட்டு, என்னையும் வெங்கடேசனையும் கூப்பிட்டார். வெங்கடேசன் என்னோடு அதே நிலையத்தில் வேலை பார்த்தவன். என் வயசுதான். விமானத்தின் இறக்கை துணியால் போர்த்தியது. சம்பந்தம் முதல் நாளே அதைப் புடவை பார்ப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, "நெசவு நெருக்கமாத்தான் இருக்குதுபா, ஜரிகைதான் இல்ல" என்றார். நல்ல மனுஷர்.

அதைப் பறக்கத் தயார்செய்ய எட்டு மாதம் ஆயிற்று. இன்ஜினின் நாலு சிலிண்டரையும் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தோம். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லில்லி வந்து ஓட்டுவதாக ஏற்பாடு. சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பெண், முப்பது சொச்சம் வயசு.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விமானத்தைத் திருப்பி, ஏற்றி, இறக்குகிற பாகங்களில் கை வைத்தால், வேலை செய்தவன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆள் தன் கண்ணால் தனியாகப் பார்த்துவிட்டு அவனும் போட வேண்டும். அதற்கப்புறம் முதல் ஆள் அதைத் தொடக்கூடாது. தொட்டால் இருவரும் மறுபடி பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டாவது ஆளான வெங்கடேசன் பார்த்ததே இல்லை. "நீ பாத்தா சாமி பாத்த மாதிரிபா" என்று சிரித்துக்கொண்டே போடுவான். கேட்கிறவர்களுக்கு அது பாராட்டு. நுணுக்கமாக வேலை செய்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷத்தில் என் வேலை ஒன்றைக்கூட அவன் குனிந்து பார்க்கவில்லை.

அதனால், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற கம்பி வாலில் வந்து சேரும் இடத்தில், நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகுகிற பின்னை நான் செருகவில்லை. நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தேன். அவன் கண்டுபிடிப்பதற்காகத்தான். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தே வைத்தேன். டார்ச்சையும் பக்கத்தில் வைத்தேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டான். நான் மூடியைப் பொருத்தினேன்.

ஞாயிறு காலை லில்லி விமானத்தைச் சுற்றி வந்து, வாலைக் கையால் அசைத்துப் பார்த்தாள். நன்றாகவே அசைந்தது. நட்டு இருக்கிறவரை அசையும். முதலில் தனியாகப் பன்னிரண்டு நிமிஷம் பறந்தாள். அத்தனை நேரமும் நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இறங்கிவந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, சம்பந்தத்தை முன் இருக்கையில் ஏறச் சொன்னாள்.

அவர் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் மூடியைத் திறந்து பார்த்தேன். நட்டு கடைசி இரண்டு மரையில் நின்றது. என் கை அதன்மேல் போகத்தான் பார்த்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. நான் வெங்கடேசனைக் கூப்பிட்டேன்.

"வந்து ஒரு தடவை பாருப்பா."

"நீதான் பாத்துக்கினு இருக்கிறியே. நான் எதுக்கு?"

"நீ பாக்கணும்."

"ரெண்டு பேரும் போயி பாக்கறதுக்கு இதென்ன பொண்ணு பாக்கற விசேஷமாபா?"

சம்பந்தம் சிரித்தார். லில்லி சிரிக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கை பெல்ட்டைக் கழற்றப் போனது.

"அங்கிள், ஏதாவது இருக்கா? இறங்கிடட்டுமா?"

நான் வெங்கடேசன் பக்கம் திரும்பினேன்.

"வெங்கடேசன்தான் சொல்லணும்மா" என்றேன்.

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் பெல்ட்டை விட்டுவிட்டாள். நான் மூடியை மூடினேன். நாலு திருகையும் ஒழுங்காக இறுக்கினேன்.

செய்யாற்றுப் பக்கம் திரும்புகையில் மூக்கு கவிழ்ந்தது. மிச்சம் உங்களிடம் படமாகவே இருக்கிறது.

பழைய உலோகம், தானாகக் கழன்றிருக்கலாம் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். விசாரணையில் வெங்கடேசன், "முனுசாமி வேலையில குத்தம் இருக்காது, இப்பவும் கண்ண மூடிக்கினு கையெழுத்து போடுவேன்" என்றானாம். அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வந்தேன்.

லில்லியையும் சம்பந்தத்தையும் கொன்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நட்டு மாட்டியிருந்த போல்ட் உங்கள் அலமாரியில், எண் ஒட்டிய பையில் இருக்கிறது. குறுக்கே பின் ஒன்று இருந்து, அது உடைந்திருந்தால் துளையோரத்தில் கீறல் இருக்கும். இது சுத்தமாக இருக்கும். இரண்டு மாதமாக ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எடுத்துவரச் சொல்லுங்கள், ஐயா. வெங்கடேசனையும் கூப்பிடுங்கள். அவன் குனிந்து பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.