நாரிப்பிடிப்புக்கு விளாங்காய்

தர்மபுரம் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் வெறும் போத்தலைக் கீழே வைத்துவிட்டு மூத்தவரிடம் சொன்னாள்:

"அக்கா, உங்கட விளாங்காயாலதான் நான் இண்டைக்கு இந்தக் கியூவில நிக்கிறன்."

எண்ணெய் முடிந்துவிடுமோ என்ற கவலை எனக்கு அதோடு விட்டுப்போனது.

"இடுப்பில இருந்த நாரிப்பிடிப்பு விட்டிட்டுதே?"

"ஓம் அக்கா. குனிஞ்சு ஒரு வாளி தண்ணி தூக்கேலாமல் கிடந்தனான். இப்ப கிணத்தில நானே அள்ளுறன். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

"நான் சொன்ன மாதிரித்தானே செய்தனீங்கள்? சுவருக்கும் நாரிக்கும் நடுவில காயை வைச்சு, சாஞ்சு நிண்டு, மெல்ல மெல்ல உருட்ட வேணும்."

"எங்களுக்குச் சுவர் எங்கால அக்கா? இடம்பெயர்ந்து வந்து போட்ட கொட்டில், நாலு பக்கமும் ஓலைக் கிடுகு. முதல்நாள் சாஞ்சன், கிடுகோட வெளியில போய் விழுந்தன்."

"பிறகு?"

"இவரைத் திருப்பி நிப்பாட்டி அவரின்ர முதுகில சாஞ்சன். நடுவில காய். அவரும் சைக்கிளில விறகு கட்டி உழக்கி உழக்கி நாரி நொந்த மனிசன்தானே. அவருக்கும் சுகமாப் போச்சு."

மூத்தவர் சிரித்தார். "அப்ப இனிக் காயைப் பழுக்க விட்டு, சீனி இருந்தால் போட்டுத் தின்னுங்கோ."

"நானும் அதைத்தான் சொன்னனான். இவர் விடுறாரில்லை. ரெண்டு பேருக்கும் நோ போயிட்டுது. ஆனாலும் பொழுதுபட்டால் காயைக் கையில வைச்சுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிக்கிறார்."