ஹபீலா கருக்காத இலைகள்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, அன்போடு அறிவூட்டும் ஆசிரியர்களே, அரைநாள் வேலையை விட்டுவிட்டுக் கலஹாவிலிருந்தும் பன்விலவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, தோழியரே! தரம் பத்து மாணவி கிருஷாந்தியின் பணிவான வணக்கம்.

வீட்டுக்குள் வளரும் செடிக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? இதுவே எனக்குத் தந்த தலைப்பு. குறைந்தால் செடி வாடும். மிகுந்தால் செடி வேகும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒரு செடியை வேகவைத்த தகுதிதான்!

சிரியுங்கள், பின்வரிசைத் தோழியரே. இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

எங்கள் வகுப்பு அந்தூரியம் அலுமாரிக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில் இருந்தது. காம்புகள் கழுத்தை நீட்டி ஜன்னலைத் தேடின. பூ மட்டும் வரவில்லை. இந்த விழாவுக்குள் பூக்கட்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும், யாருக்கும் சொல்லாமல் அதைத் தூக்கி மேற்கு ஜன்னலில் வைத்தேன். இரண்டு நாள் நேர் வெயில். திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து பார்த்தேன். இலையெல்லாம் கருகிய திட்டுகள். பயந்துபோய்ப் பழைய மூலையிலேயே வைத்துவிட்டேன்.

அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுபவள் என் வகுப்புத் தோழி ஹபீலா.

"உரத்த அள்ளிக் கொட்டிட்டியா?" என்று அவளைக் கேட்டார் எங்கள் டொரதி டீச்சர்.

"இல்ல டீச்சர், நான் அளவாத்தான் தண்ணி ஊத்தின."

யார் நம்பினார்கள்? அவள் சட்டையில் குத்தியிருந்த 'தோட்டக் குழுத் தலைவி' என்ற பெட்ஜைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். நான் எங்கே இருந்தேன்? அடுத்த கதிரையில் இருந்தேன். என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை.

கருகிய இலையொன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அம்மா கமலம் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்பவர். பார்த்ததும் சிரித்தார்.

"எந்த மடச்சி இத திடுதிப்புனு வெயில்ல வச்சா? தேயில நாத்துக்கே வாரத்துக்குக் கொஞ்சமாத்தான் நெழல் பந்தலப் பிரிக்கிறோம். அவ நாத்துமேடையப் பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறாள், அம்மா. நடை பழகியதே அங்கேதான். முன்வரிசையில் இருக்கிறீர்களே, அந்த மடச்சி நான்தான்!

அந்தூரியத்துக்கு இருட்டும் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. ஜன்னலுக்கு இரண்டடி உள்ளே, மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். இடம் மாற்றினால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். என்னைப் போல் அவசரப்படாதீர்கள்; அவசரப்பட்டால், என்னைப் போல் ஒளியாதீர்கள்!

டொரதி டீச்சர், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். ஹபீலாவின் பெட்ஜைத் திருப்பிக் கொடுங்கள். தண்டனையை எனக்குக் கொடுங்கள்.

என்ன ஹபீலா, ஏன் எழும்புகிறாய்? ஏசப்போகிறாயா? ஏசு, கேட்டுக்கொள்கிறேன்.

"அந்தச் செடியில புதுக் குருத்து ஒண்டு வந்தீக்கி, பாத்தியா?" என்கிறாள், சபையோரே!

நான் பார்க்கவில்லை. அந்த மூலைப் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. பெட்ஜ் போன பிறகும் நீயா தண்ணீர் ஊற்றினாய்?

இதோ, இறங்கி வருகிறேன். இன்று அதை வைக்கும் இடத்தை நீயே சொல். நான் தூக்கி வைக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்!