இன்னும் ஒரே ஒரு அளவு

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம், எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். அம்பத்தூரில் என் வீட்டிலும் இரண்டுக்கு மேல் வைக்க மாட்டேன். என் மாணவி கிருஷ்ணப்பிரியா வந்தால் மட்டும் கூட்டி வைப்பாள். நான் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வேன்.

புவி இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டீர்கள். பாடத் தேர்வுகள் எழுத வேண்டும். ஆய்வுக் குழு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். வெயிலில் அலைந்து சொந்தமாக அளவுகள் எடுக்க வேண்டும். ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும். அப்புறம் ஆய்வேட்டை எழுதி முடித்தால் வழிகாட்டி கையெழுத்துப் போடுவார். பிரியாவுக்கு வழிகாட்டி நான்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். பட்டம் வருவதற்கு முன்பே அவள் அப்பா ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். பாரிவாக்கம் பக்கம் நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. மண்ணில் இரும்புக் கம்பிகளை அடித்து, நீளமாக ஒயர் இழுத்து, மின்சாரம் செலுத்தி அளப்போம். படுகெட்டிக்காரி. என் மனைவி இறந்துபோன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுவாள். “சாப்டீங்களா சார்? பொய் சொல்லாதீங்க” என்று அதட்டுவாள். பெற்ற மகன்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து சேரச் சொன்னார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசை காலி. ரொம்ப சந்தோஷம் என்றேன். அடுத்த வாரம், “கட்டுரை திரும்பி வந்துவிட்டதம்மா, மழைக்கால அளவுகளும் வேண்டுமாம்” என்றேன். பாவம், அழுதாள். நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

மழை தொடங்கியதும் அளவெடுக்கப் பாரிவாக்கம் போனாள். கூடவே கம்பி அடிக்கிற நாகப்பன். சாயங்காலம் போன் வந்தது.

“சார், மேக்கால இருட்டிக்கிட்டு வருது, இடி வேற. இது ஒண்ணு இல்லாம முடிச்சுக்கலாமா?”

இடி கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நீட்டிக் கிடக்கும் ஒயர் வழியாக மின்னல் ஆளைத் தேடி வந்துவிடும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

நாகப்பன் போனைப் பிடுங்கிக் கத்தினான். “இன்னா சார் நீ! இடி தல மேல இறங்கற மாரி கீது. பொண்ணு உனக்குப் பயந்துகினு நிக்குது. ஊட்டுக்குப் போவச் சொல்லு சார்!”

யோசித்தேன். ஒன்று வேண்டாம் என்றால், மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்பாள். அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“இன்னும் ஒரே ஒரு அளவு எடுத்துடும்மா. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

“சரி சார்” என்றாள். கோபம்கூட இல்லை. மின்னல் இறங்கியபோது நாகப்பன் தார்ப்பாய் எடுக்க, அவர்கள் வந்த ஆட்டோவுக்கு ஓடியிருந்ததால் அவன் பிழைத்தான்.

கட்டுரை திரும்பி வரவே இல்லை மேடம். ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் எனக்கு எப்போதோ வந்துவிட்டது. பட்டத்துக்கு வேண்டிய எல்லாமே அவளிடம் இருந்தன. அந்த அளவு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க டாக்டரம்மாவுக்கு எல்லாம் செஞ்சது நீங்கதான் சார்” என்று கதறினார். நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க முடியவில்லை.

‘ஹைதராபாத்துக்குப் போகாதேம்மா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் இருந்திருப்பாள்தான். ஆனால் ஒரு மாணவியின் எதிர்காலத்துக்கு வாத்தியார் குறுக்கே நிற்கலாமா, மேடம்?