ஆலாவுக்கு என் பேச்சு ஆகாதாம்

நாளைக்குப் படகுல சாரை மட்டும் அனுப்புங்கம்மா, நீங்க பேசற பேச்சுக்கு ஒரு பறவையும் மண்ணுல நிக்க மாட்டேங்குது. இதானே தம்பி சொன்னீங்க? ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. கான்வென்ட்ல படிச்சவ நான். மனப்பாடம் பண்றது ஒண்ணுதான் அங்க உருப்படியா கத்துக்கிட்டேன். சிஸ்டர் சொல்லச் சொல்ல அப்படியே ஒப்பிப்போம், அர்த்தம் கேட்டாத்தான் முழிப்போம்.

உக்காருங்க, உக்காருங்க. சொல்லிட்டு ஓடிடலாம்னு பார்த்தா எப்படி? வேன் டிரைவர் இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு. எங்க வீட்டுக்காரரும் அங்க டெலஸ்கோப்ல கண்ணை ஒட்டவச்சுக்கிட்டு நிக்கறாரு, கூப்பிட்டாலும் வரமாட்டாரு. காத்து அங்கேர்ந்து இங்க அடிக்குது, நாம பேசறது அவருக்குக் கேக்காது. எனக்கே ஒரு தடவை வசதியா அமைஞ்சிருக்கு.

கோவமா? எனக்கா? சேச்சே. பறவை பார்க்கற கிளப்புல செக்ரட்டரி வேலைக்கு யாருமே வரலைன்னுதான் உங்க தலையில கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேரு சொல்றதை நாகரிகமா வந்து சொல்ல வேண்டியது உங்க தலையெழுத்து. யாரு, பல் டாக்டரம்மா சொன்னாங்களா? நீங்க சொல்ல வேணாம், உங்க மூஞ்சியே சொல்லுது. ஊர்ல இருக்கற எல்லாரையும் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்ற அம்மா, என்னை மட்டும் மூடச் சொல்றாங்க பாருங்க.

சரி, இன்னும் என்னென்ன புகாரு? மொத்தமா சொல்லிடுங்க. குடை கிளிப்பச்சைன்னு போன மாசமே சொன்னீங்க, மாத்திட்டேன். இதோ பாருங்க, சாணி கலரு. எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு. பிஸ்கட் கவரைச் சத்தமா பிரிக்கறேன்னு சொன்னீங்க, வீட்டுலயே பிரிச்சு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வரேன். அப்புறம்?

புருஷன் வீட்டு ஆளுங்களைத் திட்டறேனா?

அய்யோ, அதுவா! அது திட்டறது இல்ல தம்பி. திட்டறதுதான், இல்லன்னு சொல்லல, ஆனா அது மனுஷங்களை இல்ல, பறவையை. எனக்கு இந்தப் பேரெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குது. கடற்காகம்னு ஒண்ணைச் சொல்றீங்க, அது காக்கா மாதிரியே இல்ல. ஆலான்னு ஒண்ணைச் சொல்றீங்க, அதுல பெருசு, சிறுசு, கொண்டை வச்சது, வைக்காதது. எல்லாம் வெள்ளை. வெள்ளை மணல்ல வெள்ளைப் பறவை, பின்னாடி வெள்ளையா அலை. வெயில் வேற கண்ணைக் குத்துது. இதுல எதை எதுன்னு ஞாபகம் வச்சுக்கறது? அதான் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க பேரா வச்சுட்டேன். பெரிய கொண்டை வச்சுக்கிட்டு, எண்ணெய் காணாத தலையோட, மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க, அது எங்க பெரிய நாத்தனார். அதே மாதிரி, ஆனா கொஞ்சம் சின்னதா, மூக்குல கேரட் கலர் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு நிக்கறது எங்க ஓரகத்தி. அந்தரத்துல படபடன்னு ஒரே இடத்துல அடிச்சுக்கிட்டு, திடீர்னு தலைகீழா தண்ணியில விழுதே, அது சின்ன கொழுந்தன். அவனும் வியாபாரம் அப்படித்தான் பண்ணுவான். மத்தவங்க புடிச்ச மீனைப் பக்கத்துல நின்னு புடுங்கித் தின்னுது பாருங்க, கடற்காகம், அது எங்க மாமனார். செத்துப் போனவரைச் சொல்லக்கூடாது, ஆனா என் தட்டுலேர்ந்து எடுத்துச் சாப்பிடுவாரு தம்பி, நான் பார்த்துக்கிட்டே இருக்கும்போது!

சிரிக்கறீங்க. சிரிங்க. டாக்டரம்மாவும் இதைக் கேட்டுட்டு, குடும்ப விஷயத்தை வீட்டுலயே பேசிக்கலாமேன்னு எனக்கு புத்தி சொன்னாங்க. ஓரகத்தி ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து மணல்ல குந்தியிருக்கான்னு நான் சொன்னதை அவங்க என்னன்னு நினைச்சாங்களோ, திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க.

விஷயத்துக்கு வாங்கன்றீங்க. வரேன். படகுல எனக்கு ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். அவரைத் தனியா அனுப்ப முடியாது.

ஏன்னா வெயில். தொப்பி போட மறந்துடுவாரு, மண்டை காஞ்சா ஒரு வாரத்துக்கு என்னைத்தான் படுத்துவாரு.

படகுக்குக் கூரை இருக்கா. சரி. மாத்திரை? வேளைக்குப் போட மாட்டாரு. நீங்க ஞாபகப்படுத்துவீங்களா. நல்ல பிள்ளை. உங்க அம்மா நல்லா வளர்த்திருக்காங்க. தண்ணின்னா அவருக்கு பயம். ஆமா, பயம்தான், வெளியில சொல்லிக்க மாட்டாரு. என்னது? நீங்க ஸ்கூல் படிக்கறப்போ உங்களுக்கு நீச்சல் கத்துக் குடுத்ததே அவருதானா? இந்த மனுஷன் என்கிட்ட ஒண்ணையும் சொல்றதில்ல. நான் ஒரு பொய் சொன்னா நிக்குதா பாருங்க.

சரி, இன்னொண்ணு சொல்றேன். எனக்கே ஆர்வம் வந்துடுச்சு. ஆமா தம்பி, பறவைமேல. ஏன் வரக்கூடாது? சந்தா கட்டறேன், மெம்பராச் சேத்துக்குங்க. போன வருஷம் வரைக்கும் அவரு பைனாகுலரை மாட்டிக்கிட்டு கிளம்பினா, மீன் மார்க்கெட்டுல நின்னா இதைவிட நல்லா தெரியும், வரும்போது கையோட மீனும் வாங்கிட்டு வரலாம்னு சொன்னவதான் நான். மனுஷி திருந்தக் கூடாதா?

பரீட்சை வைக்கறீங்களா? வைங்க. எங்க, அந்த ஈர மணல்ல நிக்கறதா? பைனாகுலரைக் குடுங்க. இருங்க, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக்கறேன். ம். மூக்கு மஞ்சள். பழுத்த எலுமிச்சம்பழ மஞ்சள் இல்ல, லேசா பச்சை ஓடின மஞ்சள். நெத்தியில ஒரு பட்டை வெள்ளை, அதுக்கப்புறம்தான் கறுப்பு ஆரம்பிக்குது. பின்னந்தலையில முடி, தூங்கி எழுந்து சீவாத மாதிரி. முதுகு சாம்பல், நல்ல அழுத்தமான சாம்பல், மழைக்கு முன்னாடி இருக்குமே அந்த மேகம் மாதிரி. காலு கறுப்பு. பின்னாடியே ஒரு குட்டி, உடம்பெல்லாம் புள்ளி, வாயைத் திறந்துக்கிட்டு கெஞ்சிக்கிட்டே வருது, அது திரும்பியே பார்க்க மாட்டேங்குது. சரிதான், எங்க நாத்தனார் பிள்ளையும் அப்படித்தான் வளர்ந்தான்.

பேரா? பேரு எனக்கு என்ன தெரியும்? பேரை அவரு சொல்லுவாரு. நான் பார்க்கறதைச் சொல்லுவேன், அவரு பேரு சொல்லுவாரு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

அது சும்மா ஒரு பழக்கம் தம்பி. புருஷன் பொண்டாட்டி எதையாவது பேசிக்கிட்டுத்தான் இருக்கணும். பிள்ளைங்க வெளியூர் போனப்புறம் வீட்டுல வேற என்ன பேச்சு இருக்கு, கேஸ் தீந்துடுச்சு, மோட்டார் போடு, இதானே.

போன வாரமா? போன வாரத்தை ஏன் இழுக்கறீங்க இப்போ? தெரியும், தெரியும். எங்கேர்ந்தோ கடல் தாண்டி வந்த பறவை, வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே அதிசயமாம், அவருக்கு நேர் எதிர்ல வந்து உக்காந்துச்சாம், அவரு பாட்டுக்கு டெலஸ்கோப்புல பார்த்துக்கிட்டே இருந்துட்டு, ஒண்ணுமில்லையேன்னாராம். பசங்க எல்லாம் சிரிச்சாங்களாம். சாருக்கு வயசாயிடுச்சு, நின்னுக்கிட்டே தூங்கறாருன்னு. உங்க கிளப்புல இருக்கற பேங்க்காரரு சொன்னாரு என்கிட்ட, ரொம்ப அக்கறையா, வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மான்னு. அதாவது நான்தான் பிரச்சினைன்னு.

நான் அப்போ டீ வாங்கப் போயிருந்தேன் தம்பி. அந்தக் கடையில எப்பவும் கூட்டம். அவ்வளவுதான் நடந்தது.

புரியலையா. நல்லது. புரிய வேணாம்.

இல்ல, உக்காருங்க. எழுந்துக்காதீங்க. இன்னொரு புகாரும் இருக்கே, அதை நீங்க மரியாதைக்குச் சொல்லல. சார் இப்பல்லாம் முகம் குடுத்துப் பேசறதில்ல, எங்கயோ ஓரமா பார்த்துக்கிட்டே பதில் சொல்றாரு, ரோட்டுல பார்த்தாலும் தெரியாத மாதிரி போறாரு. அதானே? உங்களையும் மளிகைக் கடை வாசல்ல அப்படித்தான் தாண்டிப் போனாருன்னு உங்களுக்கு மனசு விட்டுப் போச்சு. தம்பி, அவரு உங்க மூஞ்சியைப் பார்க்கணும்னாதான் தலையைத் திருப்பிக்கறாரு. நேரா பார்த்தா நீங்க இல்ல. நடுவுல ஒரு அழுக்குத் துணியைப் போட்டு மூடின மாதிரியாம். சுத்தி ஓரம் மட்டும் இருக்கு. அதனால நடப்பாரு, படியேறுவாரு, எதுலயும் இடிச்சுக்க மாட்டாரு, ஒருத்தருக்கும் தெரியாது. எதைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு கண்ணை வைக்கறாரோ, அது மட்டும் தெரியாது. அது என்ன வியாதியோ, நல்லா யோசிச்சுதான் வந்திருக்கு.

டாக்டருங்க பார்த்தாச்சு. எல்லாரும் ஒரே பதில். இருக்கற ஓரம் இருக்கும், போன நடு போனதுதான். முதுகு வலின்னு சொல்லி மேப் வரையற ஆபீஸ்லேர்ந்து வேலையை விட்டுட்டு வந்தாரே, அது முதுகு இல்ல.

அந்த டெலஸ்கோப்புல அவருக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. சும்மா கண்ணை வச்சுக்கிட்டு நிக்கறாரு.

அதனாலதான் பேசறேன். நான் வாயை மூடினா அவருக்குக் கடலே இல்ல. அலைச் சத்தம் இருக்கும், அவ்வளவுதான். மூக்கு என்ன கலருன்னு சொன்னா போதும், மீதியை அவரே போட்டுக்கறாரு. இறக்கையை எப்படி அடிக்குது, வேகமா, சோம்பேறியான்னு கேப்பாரு. நான் சரியா சொல்லலைன்னா, தெரியலைன்னு விட்டுடுவாரே தவிர, ஊகமா ஒரு பேரைச் சொல்ல மாட்டாரு. உங்க பறவைக் கணக்குல ஒரு தப்பு வந்ததில்ல, நீங்களே பாருங்க. ஆரம்பத்துல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. வெள்ளையா ஒண்ணு நிக்குதுங்கன்னேன். வெள்ளையான்னா, தட்டு மாதிரியா, பால் மாதிரியான்னாரு. எரிச்சல்ல உங்க அக்கா மாதிரின்னேன். மனுஷன் சிரிச்சாரு பாருங்க! அந்த வருஷத்துலயே அப்பத்தான் சிரிச்சாரு. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த சொந்தக்காரங்க கதை.

ஏன் எங்ககிட்ட சொல்லலைன்னு கேக்காதீங்க. சொன்னா என்ன பண்ணுவீங்க? நிழல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காரவச்சு, சார் சார்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு, நீங்க பாட்டுக்கு டெலஸ்கோப் பக்கம் போயிடுவீங்க. அது அவருக்குத் தெரியும். நான் உங்ககிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டாரு. என்கிட்ட பேசாம இருந்தாலும் இருப்பாரு. அவரு பேசலைன்னா நான் தாங்கிக்குவேன், நான் ரெண்டு பேருக்கும் சேத்து பேசுவேன். இங்க வராம இருந்தாத்தான் தாங்க முடியாது.

ஆனா தம்பி, நீங்க சொன்னதும் நியாயம்தான். அதான் எனக்கு ஆத்தாமை. நாளைக்குப் படகு போற மணல் திட்டுல அதுங்க குஞ்சு பொரிக்கற நேரம் இது. தாய் முட்டை மேல உக்கார்றது சூடு குடுக்க இல்லையாம், நிழல் குடுக்கவாம். வயித்தைக் கடல்ல நனைச்சுக்கிட்டு வந்து முட்டையை ஈரம் பண்ணுமாம். அவருதான் சொன்னாரு. அதைக் கேட்டதுலேர்ந்து நான் வாயைத் திறந்தா அதுங்க எழுந்து பறக்கறது எனக்கும் தெரியுது. மெதுவா பேசிப் பார்த்தேன். நான் ரகசியம் சொன்னா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும், எங்க வீட்டுல அது ஊரறிஞ்ச விஷயம். அடிவயித்துலேர்ந்து வர்ற குரல், சிஸ்டருங்களாலயே அடக்க முடியல.

அதனால நாளைக்கு நான் வரல. இடம் வேணாம். நீங்க அவரு பக்கத்துல உக்காருங்க. உங்க குரல் சின்னது, தும்மினாக் கூட சத்தம் வராது உங்களுக்கு. அவருக்குச் சொல்ற மாதிரி சொல்லக் கூடாது, நீங்களே உங்களுக்குள்ள முணுமுணுக்கற மாதிரி. பேரு சொல்லிடாதீங்க, அதை அவருக்கு விட்டுடுங்க. பார்க்கறதை மட்டும் சொல்லுங்க. படிச்சதை ஒப்பிக்காதீங்க, அது அவருக்குத் தெரிஞ்சதுதான். இன்னிக்கு இந்தப் பறவை எப்படி நிக்குது, அதுதான் அவருக்கு வேணும்.

எங்க, இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அந்த உடைஞ்ச தூண் மேல ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. நான் கண்ணை மூடிக்கறேன். எப்படி இருக்கு அது?

மூடிட்டேன். சொல்லுங்க தம்பி.