பாகம் எண் 143: பிழையில்லாப் பட்டியல்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எனக்கு ஐம்பத்தாறு வயது ஆகிறது, பார்த்துக் குடிக்க வேண்டும்.

என் பெயர் ரோஸ்லின். முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். அதில் பதினேழு வருஷம், பாகம் எண் 143-க்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர். பேர்தான் பெரிசு. கரந்தைப் பக்கம் நாலு தெருவில் வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் குடிமாறினார்கள், யார் செத்தார்கள் என்று பார்த்து வாக்காளர் பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், அதுதான் வேலை.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தைக் கேட்டால் எல்லாரும் யார் ஜெயித்தார், எத்தனை ஆயிரத்தில் என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீக்கடைச் சண்டையெல்லாம் அதற்குத்தான். ஜெயித்தவர் வருவார், போவார். யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் சரித்திரம். என் நோட்டில் இருக்கிறது. 2009-இல் எங்கள் சாவடியில் நூற்றுக்கு எழுபத்தொன்று. 2014-இல் எழுபத்தெட்டு. 2019-இல் எண்பத்து நாலு. 2024-இல் தொண்ணூற்று ஒன்று. ஜனங்கள் திடீரென்று பொறுப்பானவர்களாகிவிடவில்லை. செத்தவர்களை நான் பட்டியலில் தங்கவிடவில்லை. செத்தவர் பெயர் பட்டியலில் கிடந்தால் அவர் ஓட்டுப் போடாதவர் ஆகிவிடுகிறார். அது அவருக்கும் கௌரவமில்லை, எனக்கும் கௌரவமில்லை.

அதனால் யார் செத்தாலும் முதலில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். தெருவில் என்னை நல்ல மனுஷி என்பார்கள். மற்றபடி சுவர்கள் இருக்கின்றன. நம் ஊரில் ஒருவர் கண்மூடினால் மறுநாள் காலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிடும். படம், பெயர், தேதி எல்லாம் அதில் இருக்கும். தாலுகா ஆபீஸ் சொல்வதற்கு முன்னால் சுவர் சொல்லிவிடும். பதினேழு வருஷத்தில் சுவர் என்னை ஏமாற்றியது ஒரே ஒரு தடவைதான்.

2023 டிசம்பர். மார்க்கெட் சுவரில் ஒரு அஞ்சலி போஸ்டர். அதன் மேல்பாதியை மறைத்து ஏதோ கட்சிக்காரர்கள் மாநாட்டு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கீழ்ப்பாதியில் துரைராசுவின் படமும் பெயரும் தெரிந்தன. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், என் பட்டியலில் வரிசை எண் 412. வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அமலி, "துக்கம் டீச்சர், எல்லாரும் ஒரத்தநாடு போயிருக்காங்க" என்றாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே நீக்கப் படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செத்தது அவருடைய அண்ணன். நம் ஊர் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் படம் ஒன்று இருந்தால், வருந்துபவர்கள் படம் பத்து இருக்கும் அல்லவா. செத்தவர் மாநாட்டுக்குக் கீழே போய்விட்டார். வருந்தியவரை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

வாக்குப்பதிவு அன்று துரைராசு வெள்ளை வேட்டியில் வந்தார். பெயர் நீக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். அவர் சத்தம் போடவில்லை. வெளியில் பந்தலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சிரித்தார். "என்ன டீச்சர், உசுரோட இருக்கிறவன பாதி வழியில எறக்கி விட்டுட்டீங்க?" பதினெட்டு வயதானதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட அவர் விட்டதில்லையாம். மை வைக்காத விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டப்படவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

புதிதாகச் சேர்க்கும் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "புதுசா சேர நான் என்ன காலேஜ் பையனா? நீங்க தப்பா நீக்கிட்டீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்." யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னார். யானை சறுக்கினால் ஊரே நின்று பார்க்கும் என்பது அவருக்குத் தெரியாது. எழுதித் தருகிறேன், எழுதித் தருகிறேன் என்று எட்டு மாதம் ஓட்டினேன்.

ஜனவரியில் எனக்கு விருது அறிவித்தார்கள். இருபத்தைந்தாம் தேதி வாக்காளர் தினத்தில் மேடையில் கொடுப்பதாக ஏற்பாடு. பேப்பரில் என் படம் வந்தது, 'பிழையில்லாப் பட்டியல்' என்று தலைப்புப் போட்டு. விருதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது துரைராசு வந்தார். மறுநாள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறாராம். "ஒங்களுக்குத் தெரியாம குடுத்தா நல்லாருக்காது பாருங்க. அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவ்வளவு மரியாதையான மனிதர்.

தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் அவர் முகம் முழுக்க வேர்த்துவிட்டது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு அடைக்குது டீச்சர், 108-க்கு சொல்லுங்க" என்றார். நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "சொல்லிட்டேங்க, வந்துகிட்டே இருக்காங்க" என்றேன்.

சட்டைப்பையில் மாத்திரை இருப்பதாகக் கை காட்டினார். கைவிட்டேன். இரண்டு தட்டுப்பட்டன, மாத்திரை அட்டை ஒன்று, நாலாக மடித்த மனு ஒன்று. நான் மனுவை எடுத்தேன். படித்துப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது, ஒரு இடத்தில்கூட என்னைத் திட்டவில்லை. அவர் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்குத்தான் எவ்ளோ சிரமம்" என்றார். நாற்பது நிமிஷம் இருக்கும். கடைசி வரைக்கும் நான் கையை விடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மகள் செவ்வந்தி என் காலில் விழுந்து அழுதாள். கடைசி நேரத்தில் கூட இருந்தேனாம். பிறகு அவளேதான் ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று எழுதிப் போட்டுக் கேட்டிருக்கிறாள். என் எண்ணிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதில் சரிதான். நான் 108-க்குப் போன் செய்யவே இல்லை. அந்த மனுவை அப்புறம் அடுப்பில் எரித்ததும் நான்தான்.

விருது வாங்கினேன். திரும்பி வரும் வழியில் மார்க்கெட் சுவரில் அவருடைய அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். இந்த முறை மேலே எதுவும் ஒட்டவில்லை, முகம் முழுசாகத் தெரிந்தது. வழக்கம்போல நோட்டை எடுத்தேன், ஆனால் எழுத எதுவும் இல்லை. அவர் பெயர்தான் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்ததே.

ஒரு உதவி செய்யுங்கள் சார். ஜெயிலில் இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது, ஆனால் பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிடும். அப்படி விட்டால் அடுத்த தேர்தலில் எங்கள் சாவடிக்கு ஒரு ஓட்டுக் குறையும். என் பெயரை ஞாபகமாக எடுத்துவிடச் சொல்லுங்கள். துரைராசு விஷயத்தில் நான் தப்புச் செய்துவிட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். என் பட்டியலில் பிழை இல்லை சார். அவர்தான் கொஞ்சம் தாமதமாகச் செத்தார்.